கடைசல் என்னும் சொல்

ஓட்டப்பிடாரத்துப் பழைய வீடு ஒன்றில் மரக்கட்டிலைக் காண நேர்ந்தால் அதன் கால்களை உற்று நோக்குங்கள். குமிழும் வளையமுமாகத் திரண்ட கால்களைச் செதுக்கியவை என்று நாம் சொல்வதில்லை, கடைந்தவை என்கிறோம். அவற்றைக் கடையும் இடம் கடைசல் பட்டறை; கடையும் கருவி கடைசல் உளி. தயிரைக் கடைகிறோம், மரத்தையும் ஏன் கடைகிறோம்?

விடை கயிற்றில் இருக்கிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், அது முன்னும் பின்னுமாகச் சுழலும். பழைய கடைசலிலும் இதுவே முறை. கட்டையில் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். கட்டை உளியை நோக்கிச் சுழலும்போதுதான் மரம் சீவப்படும். எதிர்த்திசையில் திரும்பும்போது உளி வெட்டாது காத்திருக்கும். கோலைச் சுழற்றி நெருப்பு உண்டாக்கிய கருவிக்கும் தீக்கடைகோல் என்றே பெயர்.

தச்சரின் துரப்பணமும் வில்லின் கயிற்றால் இவ்வாறே சுழல்வதுதான். ஆனால் அதன் பெயர், துளைத்தலைக் குறிக்கும் 'துர' என்னும் வினையின் வழி வந்தது. ஒரு பெயர் இயக்கத்தைச் சொல்கிறது; மற்றொன்று பயனைச் சொல்கிறது.

அண்டையிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புகள் இன்று மின்விசையால் கடையப்படுகின்றன. கயிறு போயிற்று, பெயர் நின்றது. கயிறிழுத்த கைகளின் நினைவு அச்சொல்லில் வாழ்கிறது. உங்கள் ஊர்த் தச்சரிடம் கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அகராதி ஏறாத சொற்கள், பட்டறை மூடும் நாளில் அதனோடு மறைந்துபோகும்.