பேண்ட் செமயா இருக்கு, சரி. யார் எழுதினாங்க?

காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணான். இண்டி ராக் பேண்ட்ல கிட்டார் வாசிக்கிறவன். "மச்சான், எங்க பேண்டுக்கு இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல ஒரு பேஜ் போட்டுக் குடுடா."

"உங்களப் பத்தி யார் எழுதியிருக்காங்க?"ன்னு கேட்டேன். இன்ஸ்டா பக்கம், கான்செர்ட் போஸ்டர், ஒரு பேட்டின்னு லிங்க் அனுப்பினான். ஒண்ணுகூடத் தேறாது. பேட்டியில பேசுறது அவனேதான். போஸ்டர் டிக்கெட் விக்கிறவங்க போட்டது. பேண்டோட சம்பந்தமே இல்லாத, நம்பகமான ஆட்கள் விரிவா எழுதியிருக்கணும், அதுவும் ஒண்ணுக்கு மேல. விக்கிப்பீடியாவுல இதுக்குப் பேரு 'குறிப்பிடத்தக்கமை'. நாட்டோட சார்ட்ல வந்திருந்தாலோ, முக்கியமான லேபிள்ல 2 ஆல்பம் போட்டிருந்தாலோ தேறலாம்னு விதி சொல்லுது. தேறலாம்தான், தேறும்னு இல்ல.

பாட்டு நல்லாயிருக்கான்னு யாருமே கேக்கல, கவனிச்சீங்களா? ஆர்க்டிக் மங்கீஸை எடுத்துக்கோங்க. 2004 வாக்குல ஷெஃபீல்டுல டெமோ சிடியைச் சும்மா குடுத்தாங்க, ரசிகர்கள் அதை இன்டர்நெட்ல பரப்பினாங்க. 2005 அக்டோபர்ல அவங்க சிங்கிள் பிரிட்டன்ல நம்பர் 1. அதுக்கப்புறம் பேஜ் வேணுமான்னு யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா 2006ல வந்த முதல் ஆல்பத்துல பாதிக்கு மேல அந்தப் பழைய டெமோ பாட்டுங்கதான். பாட்டு மாறல, அதைப் பத்தி எழுதினவங்க எண்ணிக்கைதான் மாறிச்சு.

இது அநியாயம்னு எனக்கும் தோணுது. இண்டி மியூசிக்கைப் பத்தி எழுதப் பத்திரிகையே இல்லாத ஊர்ல, நல்ல பேண்ட் கூட 'இல்லாத' பேண்ட் ஆயிடும்.

ஆனா விதியைத் தூக்கிட்டா என்ன ஆகும்? த்ரெட்டின்னு ஒரு அமெரிக்க ராக் பேண்ட். 2018 நவம்பர்ல லண்டன் அண்டர்வேர்ல்ட் கிளப்ல ஷோ. 291 டிக்கெட் வித்தாச்சுன்னு கிளப்புக்குச் சொல்லியிருந்தாங்க, வந்தது 3 பேர். லேபிள், புக்கிங் ஏஜென்சி, ரசிகர் கூட்டம் எல்லாமே போலி. பாடகரே செட் பண்ணது. வெளியில இருந்து பார்த்தா பத்து பேர் பாராட்டுற மாதிரி தெரியும், பின்னாடி ஒரே ஆள். 'சம்பந்தமில்லாதவர் எழுதினதா?'ங்கிற கேள்வி இந்த மாதிரி ஆளை வடிகட்டத்தான்.

காமெடி என்னன்னா, குட்டு உடைஞ்சதும் பிபிசி முதற்கொண்டு எல்லாரும் எழுதினாங்க. இப்ப த்ரெட்டினுக்கு விக்கிப்பீடியா பேஜ் இருக்கு! மோசடிதான் அதுல முக்கிய விஷயம்.

பேஜை நீக்கலாமான்னு விவாதம் வந்தா, வழக்கமா 7 நாள் நடக்கும். அது ஓட்டு கிடையாது. ஐம்பது ரசிகர்கள் வந்து 'செம பேண்ட்'னு போட்டாலும், ஒருத்தர் ரெண்டு நல்ல விமர்சனக் கட்டுரையைக் காட்டுறதுக்கு ஈடாகாது.

இதையெல்லாம் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். நண்பன்கிறதால நான் எழுதுறதே சரியில்லைன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்டான்: "அப்ப நாங்களும் ஒரு போலி டூர் போட்டுடலாமாடா?"