கனவில் விழித்தல்

நுழையும்முன்

உறங்குபவர் தாம் உறங்குவதை அறிவாரா? 'அறியார்' என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும், கனவு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று உணர்ந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களின் கூற்று மெய்யென எவ்வாறு நிறுவப்பட்டது என்பதையும், அத்திறனைப் பயின்று பெற இயலுமா என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வு அறைக்குள் நுழைகிறீர்கள். உங்கள் தேர்வு எண் எந்த மேசையிலும் இல்லை. ஒருவழியாக அமர்ந்து வினாத்தாளை விரித்தால், அது நீங்கள் படிக்காத பாடம். முதல் வினாவைப் படித்துவிட்டு மீண்டும் படிக்கிறீர்கள், சொற்கள் மாறியிருக்கின்றன. அறையின் மூலையில் உங்கள் பாட்டி வீட்டுக் கிணறு இருக்கிறது. கண்காணிப்பாளர் அதிலிருந்து நீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். இவற்றுள் எதுவும் உங்களுக்கு வியப்பளிப்பதில்லை. நேரம் போதாதே என்ற அச்சம் மட்டுமே நெஞ்சை அடைக்கிறது. விழித்தெழுந்த பின்னரே, 'தேர்வறைக்குள் கிணறு எப்படி வந்தது?' என்ற வினா எழுகிறது. (பள்ளிப் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் இக்கனவு வருவதுண்டு. இக்கட்டுரையை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர்.)

அவ்வினா கனவுக்குள்ளேயே எழுந்தால் என்ன ஆகும்? 'கிணறு இங்கே இருக்க இயலாது. ஆகவே நான் கனவு காண்கிறேன்' என்று உறங்கிக்கொண்டே ஒருவர் தெளிந்துவிட்டால், அந்நிலையைத் தெளிகனவு எனலாம். கனவை விரும்பியபடி மாற்றுவதும், வானில் பறப்பதுமே தெளிகனவு என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. கனவைக் கனவென்று அறிவதே இதன் இலக்கணம். அறிந்த பிறகு கனவின் போக்கை மாற்ற இயன்றாலும் இயலாவிட்டாலும் அது தெளிகனவே.

பழைய சான்றுகள்

உறங்கும்போது சில வேளைகளில், காண்பது கனவே என்று உள்ளத்தில் ஏதோ ஒன்று உணர்த்துகிறது எனக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கனவைப் பற்றிய தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். திபெத்தியப் பௌத்தத்தில் 'நரோபாவின் ஆறு நெறிகள்' எனப்படும் பயிற்சிகளுள் கனவு யோகமும் ஒன்று. கனவுக்குள் தெளிவுடன் இருக்கப் பழகியவர், நனவுலகத் தோற்றங்களின் நிலையாமையையும் எளிதில் உணர்வார் என்பது அந்நெறியின் கருத்து. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்தாகப் பகுத்துரைக்கிறது. நனவும் கனவும் அங்கே தனித்தனி நிலைகள். தெளிகனவோ அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் எல்லையில் நிற்பது. திருக்குறளின் 'கனவுநிலையுரைத்தல்' அதிகாரத்துத் தலைவிக்குக் கனவு இன்பம் தருகிறது. நனவு வந்து அதைக் கலைத்துவிடுகிறது என்பதே அவளது குறை. கனவைக் கனவென்று அவள் அறிவது விழித்த பின்னரே.

இத்துறையில் தம்மையே ஆய்வுக்களமாக்கிக்கொண்டவர் பிரெஞ்சு அறிஞர் எர்வே த சேன் தெனி. சீனமொழிப் புலமை மிக்க இவர், பதின்மூன்றாம் வயதிலேயே தம் கனவுகளை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். கனவுகளையும் அவற்றை நெறிப்படுத்தும் வழிகளையும் பற்றிய இவரது நூல் 1867ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பின்னர், 1913ஆம் ஆண்டில் டச்சு நாட்டு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஈடன், 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிகனவுகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் 'தெளிவான கனவு' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை இத்துறையில் நிலைபெறச் செய்தது அக்கட்டுரையே.

உறங்குபவர் அனுப்பிய செய்தி

இச்சான்றுகள் அனைத்திலும் ஒரு குறை உண்டு. எல்லாம் விழித்தெழுந்தவர்களின் வாய்மொழிகள். 'கனவுக்குள் அறிந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் இடையில் சிறிது நேரம் விழித்திருக்கலாம். அல்லது அறிந்ததாகவும் கனவு கண்டிருக்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் நார்மன் மால்கம், 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வையத்தை இன்னும் கூர்மையாக்கினார். தீர்ப்புக் கூறும் அறிவும் உறக்கமும் ஒருங்கே இருக்க இயலாது. 'நான் உறங்குகிறேன்' என ஒருவர் உறுதியாகக் கூறினால் அவர் உறங்கவில்லை என்பதே பொருள் என்று அவர் வாதிட்டார். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உறங்குபவர் பேசமாட்டார்; கை அசைக்கமாட்டார். பின் எவ்வாறு அவர் சான்றளிப்பார்?

இதற்கான விடை, உறக்கத்தின் இயல்பிலேயே ஒளிந்திருந்தது. 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகிய இருவரும், உறக்கத்தின் சில பகுதிகளில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். அப்போது எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். இதுவே விரைவிழியசைவு உறக்கம். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இது வருகிறது. விடியல் நெருங்க நெருங்க நீள்கிறது. இவ்வுறக்கத்தில் மூளை சுறுசுறுப்பாக இயங்கினும், எதையும் ஆராய்ந்து சீர்தூக்கும் முன்மூளைப் பகுதிகள் சில தளர்ந்திருக்கின்றன. தேர்வறைக் கிணறு நம்மை வியப்பில் ஆழ்த்தாததற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. உடலின் தசைகள் அப்போது ஏறத்தாழ முழுமையாகச் செயலற்றிருக்கும். கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் காப்பது இந்தச் செயலின்மையே. ஆனால் மூச்சுக்கு உரிய தசைகளும் விழியை அசைக்கும் தசைகளும் விலக்குப் பெற்றிருக்கின்றன.

இந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டவர் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கீத் ஹெர்ன். அடிக்கடி தெளிகனவு காணும் ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், 'கனவென்று தெளிந்தவுடன் விழிகளை இடமும் வலமுமாகப் பலமுறை அசையுங்கள்' என்று அவர் முன்னரே சொல்லிவைத்தார். விழியின் முன்புறத்துக்கும் பின்புற விழித்திரைக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டு. ஆகவே விழி திரும்பும் ஒவ்வொரு முறையும் அருகில் ஒட்டிய மின்வாய்கள் அதைப் பதிவுசெய்யும். 1975 ஏப்ரல் 12ஆம் நாள் காலையில், உறக்கத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த தாளில் ஒழுங்கற்ற கீறல்களுக்கு நடுவே, சீரான இட வல அசைவுகள் தோன்றின. மூளையலைகளும் தசைத் தளர்வும் அவர் உறங்குவதையே காட்டின. கனவுக்குள் இருந்து வெளியுலகுக்கு வந்த முதல் செய்தி அது.

ஹெர்னின் முடிவுகள் அப்போது பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டடைந்து, 1981ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் விழியசைவோடு நிற்கவில்லை. கனவில் இடக்கையை முடக்கினால் புள்ளி, வலக்கையை முடக்கினால் கோடு எனக் கொண்டு, தந்திக் குறியீட்டில் தம் பெயரின் முதலெழுத்துகளை அனுப்பினார். செயலற்றுக் கிடந்த முன்கைத் தசைகளில் மிகச் சிறிய துடிப்புகளாக அவை பதிவாயின. மால்கமின் வாதத்துக்கு, உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் தம் பெயரைக் கையொப்பமிட்டு விடையளித்தது போன்றது இது.

செய்தி அனுப்ப வழி கிடைத்ததும், கனவையே அளக்க இயன்றது. கனவில் பத்து நொடிகளை எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் விழியால் குறிகாட்டச் செய்தனர். விழித்திருக்கும்போது எண்ண ஆகும் நேரமே ஏறத்தாழ அங்கும் ஆயிற்று. கனவில் ஒரு நொடியில் ஓர் ஆயுள் கழியும் என்ற பழங்கருத்து இதனால் தளர்ந்தது. அண்மைக்காலத்தில் இன்னுமொரு படி தாண்டப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் இணைந்து, 36 பேரிடம் அவர்கள் உறங்கும்போதே வினாக்கள் தொடுத்தன. 'எட்டில் ஆறு போனால்?' என்ற வினாவுக்கு, உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழிகளை இருமுறை இட வலமாக அசைத்து விடையளித்தார். தெளிகனவு நிலை உறுதியான 158 முயற்சிகளுள் 18.4 விழுக்காட்டில் சரியான விடை கிடைத்தது; 60.1 விழுக்காட்டில் விடையே வரவில்லை. இதைக் குறைந்த வெற்றி என்று கருதவேண்டா. முன்னர் இங்கே சுழியம் மட்டுமே இருந்தது.

அவ்வாய்வில் கிடைத்த மற்றொரு செய்தி மேலும் சுவையானது. வெளியிலிருந்து வந்த வினா, கனவு கண்ட சிலருக்குக் கனவுக்குள் இருந்த வானொலியிலிருந்து கேட்பதுபோல ஒலித்தது. உறக்கத்தில் சரியாக விடையளித்த சிலர், விழித்தபின் வினாவையே வேறாக நினைவுகூர்ந்தனர். கனவைப் பற்றி விழித்தெழுந்தோர் சொல்லும் எதுவும் ஓரளவு திரிந்த நினைவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பயிலும் முறை

உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டவர்கள் என்கிறது. திங்கள்தோறும் காண்போர் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர். ஆகவே இது யோகியருக்கு மட்டும் உரிய அரிய ஆற்றலன்று.

நினைவு விரைவில் திரிவதால், முதற்பயிற்சி கனவுக் குறிப்பேடு. கண் விழித்ததும் அசையாமல் சிறிது நேரம் கிடந்து, நினைவுக்கு வந்ததை உடனே எழுதிவிட வேண்டும். சில வாரங்களில், ஒருவருடைய கனவுகளில் மீண்டும் மீண்டும் வருபவை தாமே புலப்படும். ஒருவருக்குத் தவறவிட்ட பேருந்து, மற்றொருவருக்கு இறந்துபோன உறவினர். அவையே அவரவர்க்குரிய கனவு அடையாளங்கள்.

இரண்டாவது, ஐயுறும் பழக்கம். ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி, பகலில் பலமுறை 'நான் இப்போது விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா?' என்று கேட்டுக்கொள்ளப் பயிற்றுவித்தார். எழுத்தை ஒருமுறை படித்து, கண்ணை விலக்கி மீண்டும் படித்துப் பார்க்கலாம்; கனவில் அது பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்க்கலாம். கனவில் மூச்சுத் தடையின்றி வரும். ஆனால் இயந்திரம்போல மூக்கைப் பிடிப்பதால் பயன் மிகுதியில்லை. விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி, கேள்வியாகாது. 'ஒருவேளை இது கனவாக இருக்குமோ?' என்று மெய்யாகவே ஐயுற்று, சற்றுமுன் எங்கிருந்தோம், இங்கு எப்படி வந்தோம் என்று எண்ணிப்பார்ப்பவருக்கே அவ்வையம் கனவிலும் தொடரும்.

மூன்றாவது முறை லபெர்ஜ் வகுத்தது. கடைத்தெருவைக் கடக்கும்போது தீப்பெட்டி வாங்கவேண்டும் என்று வீட்டிலேயே மனத்தில் குறித்துக்கொள்கிறோம். உரிய இடம் வந்ததும் அது நினைவுக்கு வருகிறது. அதே ஆற்றலை உறக்கத்துக்குத் திருப்புவதுதான் இம்முறை. விடியற்காலையில் கனவிலிருந்து விழித்தவுடன், அக்கனவை மனத்தில் மீண்டும் ஓட்டி, அதன் பொருந்தாத இடத்தில் தாம் தெளிவதாகக் கற்பனை செய்து, 'அடுத்த கனவில், இது கனவென்று நினைவுகொள்வேன்' என்னும் உறுதியுடன் மீண்டும் உறங்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டென்ஹோம் ஆஸ்பி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பகற்சோதனை மட்டும் செய்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை. அதனுடன், ஐந்து மணிநேரம் உறங்கி எழுந்து இவ்வுறுதியையும் மேற்கொண்டவர்களுக்கு ஒரு வாரத்தில் ஏறத்தாழ 17 விழுக்காட்டு முயற்சிகள் கைகூடின. உறுதி மேற்கொண்ட ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களிடம் வெற்றி ஏறத்தாழ 46 விழுக்காடு.

முதன்முறை தெளிந்தவுடன் பலர் மகிழ்ச்சி மிகுதியால் விழித்துவிடுவர். இதில் தவறேதும் இல்லை. பழகப் பழக நிலைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டும் என மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். காலைச் சிறப்பு வகுப்புக்கும் மாலைத் தனிப்பயிற்சிக்கும் இடையில் அந்த அளவை எட்டும் மாணவர் எத்தனை பேர்? ஆகவே நள்ளிரவில் கடிகார மணி வைத்து எழுவதை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டா. விடுமுறை நாளின் விடியலில் இயல்பாகவே விழிப்பு வரும்போது முயன்றால் போதும். உளநலச் சிகிச்சை பெறுவோரும், மெய்யையும் தோற்றத்தையும் பிரித்தறிவதில் இடர்ப்படுவோரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

தெரியுமா?
நள்ளிரவில் கண் விழித்தும் கைகால் அசையாமல், மார்பின்மேல் யாரோ அமர்ந்து அழுத்துவதுபோல் தோன்றுவதை நம் ஊர்களில் 'அமுக்குவான் பேய்' என்பர். விழிப்பு வந்த பிறகும் விரைவிழியசைவு உறக்கத்தின் தசைச் செயலின்மை சில நொடிகளோ நிமிடங்களோ நீடிப்பதே இதற்குக் காரணம். அது தானே நீங்கிவிடும்.

துரத்தும் உருவங்கள்

பறக்கும் இன்பத்துக்காக மட்டும் இத்திறனைத் தேடவேண்டியதில்லை. ஒரே கொடுங்கனவை ஆண்டுக்கணக்கில் கண்டு, உறங்கவே அஞ்சுவோர் பலர் இருக்கின்றனர். விழித்திருக்கும்போதே கொடுங்கனவின் முடிவை மாற்றி எழுதி, அம்மாற்றத்தை நாள்தோறும் மனத்தில் ஒத்திகை பார்ப்பது மருத்துவர் கையாளும் முறை. சிலர் தெளிகனவுப் பயிற்சியையும் இதற்குத் துணையாகக் கொள்கின்றனர். துரத்தும் உருவத்திடமிருந்து ஓடாமல், திரும்பி நின்று 'நீ யார்?' என்று வினவுமாறு தோலி அறிவுறுத்தினார்.

சேன் தெனி இதை முன்னரே செய்து பார்த்திருந்தார். கொடிய உருவங்கள் சில அவரை அறை அறையாகத் துரத்தும். கதவுகளைத் திறந்து மூடவே அவர் திணறுவார். பின்னால் அவற்றின் ஓசை நெருங்கி வரும். இக்கனவு அவருக்குப் பலமுறை வந்து, வியர்த்து எழச்செய்தது. மீண்டும் அது வந்த ஓர் இரவில், கனவுக்குள்ளேயே அவருக்குத் தெளிவு பிறந்தது. ஓடுவதை நிறுத்திச் சுவரில் சாய்ந்து நின்று, துரத்தியவற்றுள் முதன்மையானதை உற்று நோக்கினார். தேவாலய வாயில்களில் செதுக்கப்பட்டிருக்கும் கோர உருவம் ஒன்றை அது ஒத்திருந்தது. அவர் நோக்க நோக்க மற்றவை மறைந்தன. அவ்வுருவமும் மெல்ல வடிவிழந்து, திருவிழா வேடங்களை வாடகைக்கு விடும் கடையின் முன்னே தொங்கும் நிறம் மங்கிய பழந்துணிபோல் ஆயிற்று.