மாரடைப்பும் இருதயத்தின் இருகூர் வால்வும்

மாரடைப்பினால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட ஒருவரின் நெஞ்சிலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் வைத்தியர், வழக்கமான 'லப், டப்' என்னும் இரு ஒலிகளுக்கிடையே, ஊதுவது போன்ற மெல்லிய ஓசையொன்று எழுவதைச் சில வேளைகளிற் கேட்கிறார். முதல் நாள்வரை இல்லாத ஓசை அது. இருதயத்தின் இடப்புறத்துக் கதவொன்று ஒழுகத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அடைபட்டதோ நாடி, ஒழுகுவதோ கதவு. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு? நாடியை விரைந்து திறந்துவிட்டால் ஒழுக்கும் நின்றுவிடுமா?

இருதயத்தின் இடப்பக்கத்தில் மேலே சோணையறையும் கீழே இதயவறையும் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் தூய இரத்தம் சோணையறையை அடைந்து இதயவறைக்குள் இறங்க, இதயவறை சுருங்கி அதனை உடலெங்கும் செலுத்துகிறது. இரு அறைகளுக்கும் இடையேயுள்ள கதவே இருகூர் வால்வு. இதன் இரண்டு இதழ்களும் சேர்ந்து கிறித்தவ மேற்றிராணியாரின் முடியை ஒத்திருப்பதனால் ஐரோப்பியர் இதனை மைத்திரல் வால்வு என்றனர். ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இது திறந்து மூடுகிறது.

இக்கதவு வீட்டுக் கதவைப்போலக் கீலில் மட்டும் ஆடுவதன்று. இதழ்களின் ஓரங்களிலிருந்து நூல் போன்ற நாண்கள் பல இறங்கி, இதயவறைச் சுவரிலிருந்து தூண்போல எழும் இரண்டு தசைகளோடு இணைகின்றன. இதயவறை சுருங்கும்போது இத்தூண்களும் சுருங்கி நாண்களைப் பிடித்துக்கொள்ள, இதழ்கள் மேற்புறம் பிதுங்கிவிடாமல் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

மாரடைப்பிலே இதழ்களுக்கு யாதொரு பழுதும் நேர்வதில்லை, பழுதடைவது தசையே. 1963 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான ஜோர்ஜ் பேர்ச் என்பாரும் அவருடைய துணைவரும், தூண் தசை சோர்வதனாலேயே ஒழுக்கு உண்டாகிறது என விளக்கினர். தூண் மட்டும் சோர்ந்தாற் போதாது, அது ஊன்றி நிற்கும் சுவரும் நலிந்து வெளிப்புறம் சரிய வேண்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று. சுவர் சரியவே தூண் விலகுகிறது. தூண் விலகவே நாண்கள் இதழ்களைக் கீழ்நோக்கி இழுக்கின்றன. இதழ்களுக்கிடையே இடைவெளி தோன்றுகிறது. அத்திவாரம் ஒருபுறம் இறங்கிய வீட்டிலே, கதவு நல்ல கதவாயிருந்தும் நிலை சாய்ந்தமையால் அது பொருந்தாமற் போவதில்லையா? அதுவே இங்கும் நிகழ்வது.

இரண்டு தூண்களுக்கும் ஒரே கதி நேர்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. முன்புறத் தூண் பெரும்பாலும் இரண்டு நாடிகளிலிருந்து இரத்தம் பெறுகிறது. ஒன்று அடைபட்டாலும் மற்றது காக்கும். பின்புறத் தூணோ ஒரே கிணற்றை நம்பிய தோட்டம் போன்றது. பெரும்பாலானோரில் வலது முடியுரு நாடியே அதற்குக் கதி. ஆதலால் இருதயத்தின் அடிப்புறச் சுவரைத் தாக்கும் மாரடைப்பு, அளவிற் சிறியதாயினும், பெரிய ஒழுக்கை உண்டாக்கக்கூடும். ஒழுகும் இரத்தம் சோணையறைக்கும் அதற்கப்பால் நுரையீரலுக்கும் தேக்கத்தைக் கொடுக்க, நோயாளி மூச்சுத் திணறுகிறார்.

இனி, நாடியைத் திறத்தல். மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் நாடியை அடைத்திருப்பது பெரும்பாலும் இரத்தக் கட்டியே என்பதை, 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் டிவுட்டும் அவருடைய குழுவினரும் ஐயத்திற்கிடமின்றிக் காட்டினர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1977 செப்டெம்பரில், சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருயன்சிக் என்னும் வைத்தியர், நுனியிற் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, விழிப்போடிருந்த ஒருவரின் முடியுரு நாடியை விரித்திருந்தார். இன்று மணிக்கட்டிலோ தொடையின் மேற்புறத்திலோ உள்ள நாடி வழியாக அக்குழாய் செல்கிறது. அடைப்பு விரிக்கப்பட்டதும் 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக்குழாய் அங்கே நிறுத்தப்படுகிறது. இவ்வசதி உரிய காலத்திற் கிட்டாவிடின், கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றப்படுகிறது.

திறந்தவுடன் ஒழுக்கு நிற்பதும் உண்டு, பலரில் அது குறைகிறது, சிலரில் நிலைத்துவிடுகிறது. இவ்வேறுபாட்டிற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று காலம். 1977 இல் ரைமர், ஜெனிங்ஸ் முதலியோர் நாய்களில் நடத்திய சோதனையை இங்கே நினைவுகூரலாம். நாடியை 40 நிமிடம் அடைத்துப் பின் திறந்தபோது, ஆபத்துக்குள்ளான தசையில் ஐந்தில் இரண்டு பங்களவே மடிந்திருந்தது. 6 மணி நேரம் அடைத்தபோது பத்தில் ஏழு பங்கு மடிந்தது. அம்மடிவு சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அலைபோலப் பரவியது. தூண் தசைகள் இருப்பதோ அந்த உட்புறத்திலேதான். நெஞ்சு வலியை வாயு என்று எண்ணி, இஞ்சிச் சாறு குடித்து, விடியட்டும் என்று காத்திருப்பவர் இழப்பது எதனை என்பது இதனால் விளங்கும்.

திறந்த முதல் நாளில் ஒழுக்கு இருப்பதைக் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. இரத்தம் திரும்பியும் தசை சில நாட்கள், சில வாரங்கள்கூட, திகைத்தாற்போலச் செயலற்றிருக்கும். 1982 இல் பிரௌன்வால்டும் குளோனரும் இந்நிலையைத் திகைப்புற்ற தசை என்றே பெயரிட்டு விவரித்தனர். அது விழித்தெழுந்து சுவரைத் தாங்கும்போது ஒழுக்கும் தணியலாம். ஆகவேதான் ஒலியலைப் படத்தைச் சில வாரங்களின் பின் மீண்டும் எடுத்துப் பார்க்கின்றனர். இதற்கு மாறாக, தசை மிகுதியும் மடிந்தவரில் இதயவறை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்து, தொடக்கத்திற் சிறிதாயிருந்த ஒழுக்கு பெரிதாவதும் உண்டு. இவ்விரிவைத் தடுக்கவே மாரடைப்பின் பின் சில மருந்துகள் நீண்டகாலத்திற்குக் கொடுக்கப்படுகின்றன. மருந்துக்கும் அடங்காத கடும் ஒழுக்கிற்குச் சத்திர சிகிச்சையும், குழாய்வழிச் சென்று இரு இதழ்களையும் நடுவே பிணைக்கும் சிறு கவ்வியும் உள்ளன.

இவையனைத்திலும் வேறானது, தூண் தசையே அறுந்துவிடும் நிலை. நாடியை விரைந்து திறக்கும் முறை பரவியபின் இது அரிதாகிவிட்டது. நிகழின், இரத்தம் பெருக்காகப் பின்னோக்கிப் பாய, சோணையறையின் அழுத்தம் இதயவறையின் அழுத்தத்தை நெருங்கிவிடும். அதனால் அந்த ஊதும் ஓசை ஓங்குவதற்குப் பதிலாக ஒடுங்கிப்போவதும் உண்டு. ஓசை மெலிந்திருக்க மூச்சுத் திணறல் மிகுந்திருப்பவருக்கு வைத்தியர் உடனே ஒலியலைப் படம் எடுப்பது இதனாலேதான். இங்கே நாடியைத் திறப்பது மட்டும் போதாது; சத்திர சிகிச்சை நிபுணர் அன்றே அழைக்கப்படுகிறார்.