நீச்சல் குளத்தைச் சுற்றி பிளாஸ்டிக் புல்தரை

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் தென்பகுதியில் பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம் லாஸ் வேகாஸ். அங்கு ஆண்டு மழை சுமார் 4 அங்குலமே. ஆயினும் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளமும், குளத்தைச் சுற்றிப் பச்சைப் புல்லும் வைத்துக்கொள்வது அங்கு பலருக்கு வழக்கமாக இருந்தது. இப்போது குளம் இருக்கிறது, புல் போய்க்கொண்டிருக்கிறது. புல்லைப் பெயர்த்த இடத்தில் பலர் பிளாஸ்டிக் புல் விரிக்கின்றனர்.

நகருக்குத் தண்ணீர் பெரும்பாலும் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து வருகிறது. இந்த ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது சுமார் 13 டி.எம்.சி. என்று வகுக்கப்பட்டது. வீட்டினுள் குளிக்கவும் துவைக்கவும் செலவாகும் நீர் சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்கே திரும்புகிறது. அந்த அளவு மாநிலத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும். புல்லுக்குப் பாய்ச்சிய நீர் மட்டும் திரும்புவதில்லை. ஒரு சதுர அடிப் புல்தரைக்கு ஆண்டுக்கு 73 காலன் (சுமார் 276 லிட்டர்) தேவை என்பது தென் நெவாடா நீர் ஆணையத்தின் கணக்கு. பாலைவனச் செடிகளுக்கு 18 காலன் போதும். ஆகவே புல்லை அகற்றுவோருக்கு இந்த ஆணையம் 1999 முதல் மானியம் வழங்கி வந்துள்ளது. நீச்சல் குளத்தையும் விட்டுவைக்கவில்லை. கிளார்க் கவுண்டியில் வீடுகளில் புதிதாகக் கட்டும் குளம் 600 சதுர அடிக்கு மேற்படக் கூடாது என 2022இல் விதி வந்தது.

பிளாஸ்டிக் புல்லுக்கு நீர் வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் உயிருள்ள புல் நீராவிப்போக்கினால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது; பிளாஸ்டிக்கால் அது இயலாது. யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் ரப்பர் துகள் நிரப்பிய விளையாட்டுத் திடலில் அளந்து பார்த்தனர். காற்றின் வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடு இருந்த நாளில் தரையின் வெப்பம் 93 டிகிரி வரை சென்றது. நீர் தெளித்தபோது 79 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் 5 நிமிடத்தில் 49 டிகிரிக்கும், 20 நிமிடத்தில் 73 டிகிரிக்கும் மீண்டும் ஏறிவிட்டது. நீரை மிச்சப்படுத்த விரித்த புல்லைக் குளிர்விக்க நீர் தெளித்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான். லாஸ் வேகாஸில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 40 டிகிரி. 2024 ஜூலையில் ஒரு நாள் 48.9 டிகிரியைத் தொட்டது. குளத்திலிருந்து வெறுங்காலுடன் ஏறிவரும் குழந்தைக்கு இது சிறிய செய்தியல்ல. ஆகவே குளத்தைச் சுற்றி முழுவதும் விரிக்காமல், மரநிழலோ பந்தல் நிழலோ விழும் பக்கத்தில் மட்டும் விரிப்பதே சரி.

விரிப்பது என்று முடிவானால் முதல் வேலை பழைய புல்லை ஒழிப்பது. அங்கு பெர்முடா புல் என்று வளர்க்கப்படுவது நம் வரப்பிலுள்ள அருகம்புல்தான்! அதன் கிழங்கு போன்ற தண்டுகள் மண்ணில் தங்கினால் பிளாஸ்டிக்கின் தையல் இடுக்கிலும் ஓரத்திலும் தலைநீட்டும். காய்ந்து பழுப்பான புல்லின் மேல் களைக்கொல்லி தெளிப்பதால் பயனில்லை. கோடையில் நீர் பாய்ச்சி, புல் பசுமையாக வளரும்போது கிளைபோசேட் தெளிக்க வேண்டும். மீண்டும் துளிர்ப்பதற்கு மறுபடியும் தெளித்து, அதன்பின் 3 முதல் 4 அங்குலம் மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். வெட்டுமுன் குளத்தின் குழாயும் மின்கம்பியும் செல்லும் தடத்தைக் குறித்துக்கொள்வது அவசியம்.

அந்தப் பகுதியில் பல இடங்களில் அடிமண் இறுகிய சுக்கான் பாறை, நீர் இறங்காது. எனவே வாட்டம் முக்கியம். பொடி கலந்த குருணை ஜல்லியைப் பரப்பி, ஈரப்படுத்தி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். வாட்டம் குளத்துக்கு எதிர்ப்புறமாக, 100 அடிக்கு 1 முதல் 2 அடி வீதம் இருக்கட்டும். குளத்தை நோக்கிச் சாய்ந்தால் தூசியும் மணலும் குளத்தில் சேரும். விரிப்பின் அடிப்பாகம் துளையுள்ளதாக இருக்க வேண்டும். எல்லாத் துண்டுகளிலும் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்குமாறு பரப்பி, இணைப்பை நாடாவும் பசையும் கொண்டு ஒட்ட வேண்டும். குளத்தின் விளிம்புக் கல்லருகே ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டுவதே பாதுகாப்பு.

இழைகள் படுத்துவிடாமல் இருக்க மணல் தூவுவர். உருண்டை மணிகளாயுள்ள சிலிக்கா மணல் நல்லது. ரப்பர் துகளைக் குளக்கரையில் பயன்படுத்தவே கூடாது. அது சூட்டைக் கூட்டுவதோடு, ஈரக் காலில் ஒட்டிக் குளத்துக்குள் சென்று வடிகட்டியை அடைக்கும். வீட்டுச் சன்னல் வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியானால், அதில் பட்டுத் திரும்பும் வெயில் இழையை உருக்கிவிடுவதுண்டு. அந்த இடத்தை முன்பே பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். குளத்து நீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினால் இழைக்குப் பெரிய கேடில்லை. மாதம் ஓரிரு முறை நல்ல நீரால் அலசி, எதிர்ப்புறமாகத் துடைப்பம் கொண்டு பெருக்கினால் போதும்.

பலர் மறந்துவிடுவது மரங்களைத்தான். குளத்தருகே நிற்கும் மரம் இத்தனை ஆண்டும் புல்லுக்குத் தெளித்த நீரைக் குடித்தே வளர்ந்தது. புல்லுக்குரிய குழாயை மூடியதும் மரம் ஓரிரு கோடையில் பட்டுப்போகும். நிழலும் போகும், பிளாஸ்டிக் இன்னும் சூடேறும். நீர் ஆணையமும் மானியம் தரும்போது பிளாஸ்டிக் புல்லை ஒரு மூடாக்காக மட்டுமே கருதுகிறது. மாற்றிய பரப்பில் பாதியையாவது செடிகொடிகளின் கவிகை, அவை முழுவளர்ச்சி அடையும்போது, மூட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகையால் ஜல்லி கொட்டுமுன்பே மரத்துக்குத் தனியாகச் சொட்டு நீர்க் குழாய் பதித்துவிட வேண்டும். சொட்டுவாய்கள் அடிமரத்தை ஒட்டி இல்லாமல், கிளைகளின் நுனி விழும் வட்டத்தில் இருக்கட்டும். அடிமரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குப் பிளாஸ்டிக்கும் ஜல்லியும் இல்லாமல் வெறும் மண்ணாக விட்டு, மரத்தூளோ பட்டையோ பரப்புவது நல்லது. மரம் பருக்கப் பருக்க இந்த வட்டத்தைக் கத்தியால் வெட்டி அகலப்படுத்திக்கொள்ளலாம்.