சுவரைப் பூசுமுன் சற்றே சிந்தியுங்கள்!

வெளிநாட்டில் பொருளீட்டச் சென்ற குடும்பத் தலைவரின் குரலைக் கேட்க நம் இல்லங்கள் காத்துக் கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குத் திரும்பும் யாரோ ஒருவரின் பெட்டியில், துணிமணிகளுக்கு இடையே ஓர் ஒலிநாடா வந்து சேரும். அதை வீட்டின் நடுவே வைத்து அனைவரும் கூடிக் கேட்பார்கள். பின்னர் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கி வைத்தது. இன்றோ வளைகுடாவில் இருக்கும் தந்தையின் முகமே நம் வீட்டுக் கூடத்தில் தோன்றிப் பேசுகிறது.

ஆனால், கூடத்தில் தோன்றும் அந்த முகம் மாடி அறையிலும் தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆமத்தூரில் நடந்தது

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஊர் ஆமத்தூர். அங்கே எமது உறவினர் ஒருவரின் பூர்வீக இல்லம் இருக்கிறது. கீழ்த்தளச் சுவர்கள் ஒன்றரை அடிக் கனம் கொண்டவை. சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. இணைய இணைப்பின் மோடம் வாசல் அறையில் இருந்தது. மாடியில் படிக்கும் மகளின் அறைக்கு அலைகள் போய்ச் சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். "அத்தா, உங்க முகம் அப்படியே நின்னு போச்சு" என்று அவள் சொல்வதும், அவர் மீண்டும் அழைப்பதும் அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

மூத்த மகளின் நிக்காஹ் நிச்சயமானதும் வீட்டைப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். அப்போதே இணையக் கேபிளையும் சுவருக்குள் பதித்துவிடுமாறு தந்தை அங்கிருந்து சொல்லி அனுப்பினார். நல்ல யோசனைதான். வேலைக்கு வந்தவர், விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட அதே குழாயில் இணையக் கேபிளையும் நுழைத்து இழுத்துவிட்டார். பூச்சு வேலை முடிந்தது. தண்ணீர் விட்டுக் காயவைத்து வண்ணமும் அடித்தாயிற்று. மாடியில் கணினியை இணைத்தபோது வேகம் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

விவரம் அறிந்த ஒருவர் சோதனைக் கருவியோடு வந்தார். எட்டு விளக்குகள் எரிய வேண்டிய இடத்தில் ஆறு மட்டுமே எரிந்தன. கூர்மையான வளைவு ஒன்றில் பலமாக இழுத்தபோது உள்ளே இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. கேபிளை உருவி மாற்றலாம் என்றால், சரியாக ஒட்டப்படாத இணைப்பின் வழியே கலவை புகுந்து குழாய் அடைத்துக் கிடந்தது. வேறு வழியின்றிப் புதுச் சுவரை உடைத்தார்கள். அப்போதுதான் அதைவிடப் பெரிய அபாயம் வெளிப்பட்டது. அதே குழாயில் சென்ற மின்கம்பியின் மேலுறை ஓரிடத்தில் சுரண்டப்பட்டு, செம்பு வெளியே தெரிந்தது. அதை ஒட்டியே கிடந்தது, மகளின் படிப்பு மேசைக்குச் செல்லும் இணையக் கேபிள்!

230 வோல்ட் மின்சாரம் அந்தப் பெண்ணின் மேசை வரை வருவதற்கு இடையே நின்றது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். எல்லாம் வல்ல இறைவன் காத்தான். நிக்காஹ்வுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் மீண்டும் பூச்சு, மீண்டும் வண்ணம், மீண்டும் செலவு. வெயிலில் உழைத்து அனுப்பிய பணம் இருமுறை ஒரே சுவருக்குள் போயிற்று.

இத்தவறு உங்கள் இல்லத்தில் நேராதிருக்கவே இக்கட்டுரை.

வைஃபை இருக்கக் கேபிள் எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. வைஃபை என்பது வானொலி அலை. சுவரின் கனம் கூடக் கூட, அதில் இரும்புக் கம்பியும் ஈரமும் இருக்க இருக்க, அலை தேய்ந்துகொண்டே போகும். அதிலும் வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவரைக் கடப்பதில் பலவீனமானது. எனவே கனத்த சுவர்களும் கான்கிரீட் தளமும் கொண்ட வீட்டில் ஒரே கருவி எல்லா அறைகளுக்கும் போதாது. மாடிக்கு இன்னொரு வைஃபை கருவி வைத்து, அதைக் கீழே உள்ள மோடத்துடன் கேபிளால் இணைப்பதே உறுதியான வழி. கேபிள் வைஃபைக்குப் போட்டியன்று, அதற்குத் துணை.

இக்கேபிளின் அடிப்படை மிகப் பழையது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் படிந்து நீங்கிவிடும் என்பதைத் தொலைபேசியைத் தந்த கிரஹாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே காப்புரிமையாகப் பதிவு செய்தார். கணினிகளை ஒரே கேபிளில் பேசவைக்கும் ஈதர்நெட் முறையை ராபர்ட் மெட்கால்ஃப் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். இன்று நாம் சுவரில் பதிக்கும் கேபிளில் முறுக்கிய இணைகள் நான்கு. ஆக எட்டுக் கம்பிகள். நொடிக்கு 1 கிகாபிட் வேகம் வர எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பே கிடைக்காது. ஆமத்தூரில் நடந்தது இதுவே.

முதலில் குழாய், பிறகே கேபிள்

வாசகர்களே, இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின் இதைக் கொள்ளுங்கள்: சுவருக்குள் நிரந்தரமாகப் பதிய வேண்டியது கேபிள் அன்று; குழாய்!

கேபிளின் தரம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. இன்று கிடைக்கும் கேட்-5இ வகை 100 மீட்டர் தூரம் வரை 1 கிகாபிட் வேகம் தரும். கேட்-6 வகை சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தரவல்லது. கேட்-6ஏ அதே வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டு செல்லும். நம் வீடுகளின் அளவுக்குக் கேட்-6 தாராளமாகப் போதும். நாளை ஒளியிழையே ஒவ்வோர் அறைக்கும் வரலாம். குழாய் சீராக இருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் சுவரைத் தொடாமலே பழையதை உருவிப் புதியதை இழுத்துக்கொள்வார்கள்.

எனவே பூச்சுக்கு முன் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை மட்டும் பதித்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரு முனைகளையும் நன்றாக மூடிவிடுங்கள். இணைப்புகள் அனைத்தும் பசையிட்டு ஒட்டப்பட வேண்டும். பூசிய சுவருக்குப் பல நாட்கள் தண்ணீர் விடுவோம் அல்லவா? கேபிள் அப்போது உள்ளே இருந்தால் அதன் முனை வழியே ஈரம் ஏறும். சுவர் காய்ந்த பின், கடைசி வண்ணம் பூசுமுன் கேபிளை இழுப்பதே முறை.

ஒரு குழாயில் நான்கு கேபிள்களுக்கு மேல் திணிக்க வேண்டாம். கூர்மையான எல்போ வேண்டவே வேண்டாம். நீண்ட வளைவாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு வளைவுகளுக்கு மேல் வந்தால் நடுவே ஒரு பெட்டி வையுங்கள். இழுக்கும் பலமும் சுமார் 11 கிலோ எடைக்கு மேல் போகலாகாது. வாளித் தண்ணீரைத் தூக்கும் பலம் அவ்வளவுதான். அதற்கும் வரவில்லை எனில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காடி வெட்டுவதில் கவனம்

விருதுநகர் வட்டாரத்தின் கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் இயல்புடையது. அம்மண்ணில் நிற்கும் வீடுகளின் சுவர்கள் விரிசல் காண்பது புதிதல்ல. அத்தகைய சுவரில் கண்டபடி காடி வெட்டுவது பலவீனத்தை நாமே வரவழைப்பதாகும். பாரம் தாங்கும் சுவரில் மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைவாட்டில் வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது கட்டட நியதி. ஒன்பது அங்குலச் சுவரில் படுக்கைவாட்டுக் காடி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருத்தலாகாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலோ முக்கால் அங்குலம்தான் அனுமதி. ஒரு அங்குலக் குழாய் அதில் அடங்காது! ஆகவே குழாயைத் தளத்தின் வழியே கொண்டு சென்று, அறைக்கு நேராக மேலிருந்து கீழே இறக்குவதே நலம்.

மின்கம்பியோடு சேர்க்காதீர்!

பட்டாசுத் தொழில் நடக்கும் நம் பகுதி மக்களுக்கு இடைவெளியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே ஆலைகளில் ஏன் அவ்வளவு வெற்றிடம் விடுகிறார்கள்? ஒன்றில் நேரும் தீங்கு மற்றொன்றைத் தொடாதிருக்கத்தானே? வீட்டிலும் அதே நியாயம்தான். மின்கம்பிக்கு ஒரு குழாய். இணையக் கேபிளுக்கு வேறு குழாய். பெட்டியும் வேறு. இணையாகச் செல்லுமிடத்தில் ஓர் அடி இடைவெளி விட்டால் நன்று. குறுக்கிட நேர்ந்தால் கூட்டல் குறிபோல் நேராகக் கடக்கட்டும்.

இன்னொன்று: இல்லத்தையும் எதிரே உள்ள கடையையோ தனிச் சமையற்கட்டையோ இணைக்க வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அருகில் இடி விழுந்தால் அக்கேபிள் வழியே மின்வேகம் பாய்ந்து இரு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும். கண்ணாடியால் ஆன ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி சேராத ஒளியிழையே வெளிப்புறத்துக்கு ஏற்றது.

செம்பா, செம்புப் பூச்சா?

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் கம்பி அலுமினியத்தால் ஆனது. மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டுமே இருக்கும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஐந்தில் மூன்று பங்குதான். எளிதில் ஒடியவும் செய்யும். வாசல் கண்காணிப்புக் கேமராவுக்கும் மாடி வைஃபை கருவிக்கும் அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் வசதி இன்று உண்டு. அதற்கு இவ்வகை ஏற்றதன்று, சூடேறும். வாங்குமுன் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் விலகிவிடுங்கள்.

எங்கே எத்தனை?

எல்லாக் கேபிள்களும் ஓரிடத்திலிருந்தே புறப்பட வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்துச் செல்வது கூடாது. அவ்விடத்தைக் காற்றோட்டமுள்ள அறையில், இன்வெர்ட்டர் இணைப்போடு அமையுங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் கருவிகள் வெந்துபோகும். படிக்கும் மேசைக்கு இரண்டு, தொலைக்காட்சிக்கு இரண்டு, மாடி நடுக்கூரையில் வைஃபைக்கு ஒன்று, வாசலில் கேமராவுக்கு ஒன்று என்பது நடுத்தர இல்லத்துக்குப் போதுமான கணக்கு. தெருக் கம்பத்திலிருந்து ஒளியிழை நுழைய ஒரு தனிக் குழாயையும் மறவாதீர்கள். 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் கிராம ஊராட்சிகள் வரை ஒளியிழையைக் கொண்டு வருவதற்காகவே வகுக்கப்பட்டது. ஊர் வரை கொண்டு வருவது அரசின் பொறுப்பு. வாசற்படிக்கு உள்ளே நம் பொறுப்பு.

பூசுமுன் ஒரு புகைப்படம்

குழாய் பதித்ததும், பூச்சுக்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் செல்பேசியில் படமெடுத்து வையுங்கள். நாளை அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படமே வழிகாட்டும். கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றனவா என்று ஒவ்வொரு கேபிளையும் உங்கள் கண்முன் சோதித்துக் காட்டிய பின்னரே கூலியின் கடைசிப் பகுதியைக் கொடுங்கள். வீட்டின் வரைபடத்தில் குழாயின் பாதையைக் குறித்துப் பத்திரத்தோடு வையுங்கள்.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் இல்லங்களில் இவ்வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களுடையது. "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம் சகோதரிகளே! குழாய் தனியா, வளைவு நீளமா, கம்பி செம்பா, விளக்கு எட்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

வேலை செய்வோருக்கும் ஒரு வார்த்தை. பூச்சுக்குள் மறையும் வேலையை வீட்டுக்காரர் பார்க்கப் போவதில்லை. அவர் உங்களை நம்பி ஒப்படைத்த அமானிதம் அது. பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணத்தோடு செய்தால் போதும்.

ஆமத்தூர் இல்லத்தில் இப்போது தனிக் குழாய், தனிக் கேபிள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அத்தாவின் அழைப்பு வருகிறது. மாடியில் மகள் தன் பாடப்புத்தகத்தைக் காட்ட, அவர் அங்கிருந்து படித்துப் பார்க்கிறார். முகம் நின்று போவதில்லை.