பந்து போன ஊர்கள் - 9: மூன்றாவது பெயர்

நீலசந்திரா பஜார் தெருவில் சாயங்கால நேரத்தில் நடப்பதே ஒரு டிரிபிளிங்தான். கறிக்கடைக் கூட்டம், பழவண்டி, எதிரே ராங் சைடில் வரும் ஆட்டோ, எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் ஆஸ்டின் டவுன். அங்கே நந்தன் மைதானம். மழை இல்லாத மாதங்களில் பந்து எங்கே இருக்கிறது என்பதைப் புழுதியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தமிழில் திட்டி, கன்னடத்தில் த்ரோ கேட்டு, உருதுவில் சமாதானம் ஆகிறார்கள் பையன்கள். பூட்ஸ் போட்டவன் நாலு பேர் என்றால் வெறுங்காலன் ஏழு பேர்.

கார்ல்டன் சாப்மன் இந்த ஆஸ்டின் டவுன்காரர். 1971 ஏப்ரல் 13 அன்று பிறந்தவர். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். ஆனாலும் தொண்ணூறுகளின் இந்தியக் கால்பந்து என்றதும் விஜயன், பூட்டியா என்று இரண்டு பெயர் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கோல் அடிப்பவனுக்குத்தான் போஸ்டர். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்த நடுக்கள ஆட்டக்காரரை மூன்றாவதாகக்கூடச் சொல்வதில்லை. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

போன வாரம் பார்த்த அகமது கான் காலத்திலிருந்தே பெங்களூர் ஆட்டக்காரனுக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. மாதிரி கம்பெனியிலோ ராணுவத்தின் எம்.இ.ஜி.யிலோ சேர்ந்து, டியூட்டி பாதி ஆட்டம் பாதி என்று இருப்பது. மாதச் சம்பளம், பிற்பாடு பென்ஷன். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எந்தக் கோப்பையைவிடவும் பெரிது. இன்னொன்று கல்கத்தாவுக்கு ரயிலேறுவது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் அணியில் இருந்த அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது அப்படித்தான். மைசூர் என்ற பெயரில் இந்த மாநிலம் நாலு முறை சந்தோஷ் டிராபி வென்றிருக்கிறது. ஆட்டக்காரனுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வைக்கிற கிளப்தான் அப்போது இல்லை.

சாப்மன் எண்பதுகளின் நடுவில் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில் சேர்ந்தார். பிறகு சதர்ன் ப்ளூஸ் அணி. 1990இல் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி அவரை எடுத்துக்கொண்டது. அகாடமி தொடங்கி அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே 1990இல் பல்கேரியாவிலும் ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பினார். பெயர் ஸ்டோய்ச்கோவ். சோஃபியாவில் அவர் ஆடிய சி.எஸ்.கே.ஏ.வும் ராணுவத்தின் கிளப்தான், நம் எம்.இ.ஜி.க்கு ஒரு வகையில் பங்காளி. 24 வயதில் அவருக்கு பார்சிலோனா கதவு திறந்தது. 19 வயது சாப்மனுக்குத் திறந்தது எஃகு ஆலை ஊரின் கதவு. திறமையில் இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் பெர்லின் சுவர் விழுந்த மறுவருஷம் சோஃபியாக்காரர்களுக்கு ஐரோப்பாவின் லீக்குகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. நமக்கோ அந்த வருஷம் நாட்டுக்கென்று ஒரு லீக்கே கிடையாது.

1993இல் சாப்மன் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் எதிரணி பாக்தாதின் அல் ஜவ்ரா. ஈராக் கால்பந்து என்றால் ஆசியா பயந்த காலம் அது. அந்த வருஷம் அக்டோபரில்தான் தோஹாவில் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு, ஜப்பான் கைக்கு வந்துவிட்ட உலகக் கோப்பை வாய்ப்பை ஈராக் தட்டிப் பறித்தது. அப்படிப்பட்ட நாட்டின் பெரிய கிளப் ஒன்றுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று ஜெயித்தது. மூன்று கோல் சாப்மனுடையவை. நடுக்களத்துக்காரர், 22 வயது, ஈராக் கிளப் மேல் ஹாட்ரிக். ஓர் இந்திய கிளப் வெளிநாட்டு அணியை அடித்த அடிகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். இன்றைக்கு நடந்திருந்தால் கைபேசியில் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

1995இல் பஞ்சாபின் பக்வாராவுக்கு, ஜே.சி.டி. என்ற துணி ஆலையின் அணிக்குப் போனார். விஜயன், பூட்டியா, சாப்மன் மூவரும் ஒரே கிளப்பில் ஆடியது இங்கேதான். ஆலை அணிதான், ஆனால் அந்த நாட்களில் இந்தியாவில் அவர்களை மடக்க ஆள் தேட வேண்டியிருந்தது. 1996 டிசம்பரில் ஒருவழியாக தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பட்டம் ஜே.சி.டி.க்கு. பூட்டியா 14 கோலடித்து முதலிடம் பிடித்தார். அந்த கோல்களுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்ற கணக்கை அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து எஃப்.சி. கொச்சின். கம்பெனி நிழல் இல்லாமல், தொழில்முறை கிளப் என்று சொல்லிக்கொண்டே 1997இல் பிறந்தது. விஜயனும் அங்கே இருந்தார். முதல் வருஷமே டூரண்ட் கோப்பை வாங்கினார்கள். பணம் போன வேகத்தில் வரவில்லை; சில வருஷத்தில் கிளப்பே காணாமல் போனது. சாப்மன் ஒரே சீசனில் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பியிருந்தார். புத்திசாலித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 2001இல் அவர் கேப்டனாக இருந்தபோது ஈஸ்ட் பெங்கால் முதன்முறையாக தேசிய லீக்கை வென்றது. அதே வருஷம், 30 வயதில், பூட்ஸைக் கழற்றினார்.

கூட்டிப் பாருங்கள். லீக் தொடங்கும்போது அவருக்கு வயது 25. ஆடிக் கிடைத்தது ஐந்தே சீசன். அதில் இரண்டு பட்டம்.

பிறகு பயிற்சியாளர் வேலை. தன்னை வளர்த்த டாடா அகாடமி, ஷில்லாங்கின் ராயல் வாஹிங்டோ, கோழிக்கோட்டின் குவார்ட்ஸ் எஃப்.சி. என்று மறுபடியும் ஊர் ஊராக.

பெங்களூருக்கென்று சொந்தமாகப் பெரிய கிளப் வந்தது 2013இல். பெங்களூரு எஃப்.சி. முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம் வென்றபோது அவர்களின் சொந்த மைதானம் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவுக்குக்கூட அவசியமில்லாத தூரம். சாப்மன் ஆட்டத்தை விட்டு அப்போது 12 வருஷம் ஆகியிருந்தது. 2016இல் இதே கிளப் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 என்று தோற்றபோது, ஈராக் கிளப்பை ஜெயித்த பெங்களூர்க்காரர் ஒருவர் இருந்தார் என்று எந்தச் சேனலிலும் சொல்லி நான் கேட்கவில்லை.

2020 அக்டோபர் 12 அன்று மாரடைப்பில், பெங்களூரில், 49 வயதில் இறந்தார். மூன்று வருஷம் கழியும் முன்பே, 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் 54 வருஷத்துக்குப் பிறகு சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. ஜே.சி.டி. 2011இலேயே அணியைக் கலைத்துவிட்டது. தேசிய லீக்கில் அவர் ஆடிய மூன்று கிளப்பில் இன்று களத்தில் இருப்பது ஈஸ்ட் பெங்கால் ஒன்றுதான்.

(தொடரும்)