டயாலிசிஸுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைகளுக்கோ டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிரியாட்டினின் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எத்தனை கிலோ ஏறியது என்று மளமளவென்று சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி கிருமிக்கான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, எவ்வளவு என்றால் பெரும்பாலும் பதில் வராது. உயிரோடு தொடர்புள்ள எண் அது.

ஏன் இந்தக் கிருமிக்கு இவ்வளவு பயம்?

மஞ்சள் காமாலையையும் கல்லீரல் சுருக்கத்தையும் உண்டாக்கும் இந்த வைரஸ் ரத்தத்தின் வழியே பரவுகிறது. காய்ந்துபோன ரத்தத் துளியிலும் ஏழு நாள் வரை தொற்றும் திறனோடு இருக்கும். டயாலிசிஸ் நோயாளியின் ரத்தமோ வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நான்கு மணி நேரம் உடலுக்கு வெளியே ஓடித் திரும்புகிறது. 1969-70ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டயாலிசிஸ் பிரிவில் இந்தக் கிருமி புகுந்தபோது நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவமனை ஊழியர்களும் இறந்தார்கள். தொற்று உள்ளவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்குவதெல்லாம் இப்படிப்பட்ட அனுபவங்களால் வந்த கட்டுப்பாடுதான்.

ஊசி போட்டாகிவிட்டதே, போதாதா?

போதாது. ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்தத் தடுப்பூசி பிடித்துவிடும். டயாலிசிஸில் இருப்பவர்களில் ஐம்பது, அறுபது பேருக்குத்தான் பிடிக்கும். ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் எதிர்ப்பு அணுக்களை மந்தப்படுத்துகின்றன. வயதும் சர்க்கரையும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் பொதுவாக 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 மைக்ரோகிராம் போடுகிறார்கள். முதல் ஊசிக்குப் பின் 1, 2, 6ஆம் மாதங்களில் மறுபடியும் போட வேண்டும். மேல்கையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் சரியாகப் பிடிக்காது. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைக்கும் ஃபிஸ்டுலா உள்ள கையில் போடவே கூடாது.

கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் இன்னொரு சுற்று ஊசி. பிறகு வருடம் ஒரு முறை பார்த்து, 10க்குக் கீழே இறங்கினால் பூஸ்டர்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது கவனம் வேண்டும். ‘ஹெச்பிஎஸ் ஏஜி பாசிட்டிவ்’ என்றால் கிருமி இருக்கிறது. ‘ஆன்டி ஹெச்பிஎஸ் பாசிட்டிவ்’ என்றால் எதிர்ப்பொருள் இருக்கிறது, நல்ல செய்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கம் தொலைத்த குடும்பங்கள் உண்டு.

எதிர்ப்பொருளும் ஆயுளும்

தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் உண்டான டயாலிசிஸ் நோயாளிகள், உண்டாகாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசியே ஆயுளைக் கூட்டியது என்று இதற்கு அர்த்தமில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய். எதிர்ப்பொருளைத் தயாரிக்க முடிகிற உடம்பில் ஊட்டம் இருக்கிறது, அழற்சி குறைவாக இருக்கிறது என்பதே விஷயம். அளவு ஏறவில்லையா? ஆல்புமின் எவ்வளவு, டயாலிசிஸ் போதுமான நேரம் நடக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கே சாப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு கூட்ட வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் வரை. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு ரசம் சாதத்தோடு நிறுத்துகிறவர்கள் இளைத்துப் போகிறார்கள். ஏகாதசி விரதம் விடாத ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம்.

கீழாநெல்லி குடிக்கலாமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் ஆகியோர் பங்கேற்ற கீழாநெல்லி ஆய்வு 1988ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பச்சிலைச் சாற்றில் பொட்டாசியம் எவ்வளவு என்று யாரும் அளந்து கொடுப்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் எகிறினால் இதயமே நின்றுவிடலாம். வேண்டாம்.

எப்போது போடுவது?

இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி கிடைக்கத் தொடங்கியது 2011ல்தான். இன்று ஐம்பது வயதில் சர்க்கரையோடு இருப்பவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்யும்போதே போட்டால் நன்றாகப் பிடிக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தால், ஃபிஸ்டுலா வைக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போதே இந்த ஊசியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.